அம்மாவின் முழங்கால்: பிப்ரவரி முதல் மே வரை

பிப்ரவரி 20

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது இந்த மாதம் 3ஆம் தேதி. தையல் பிரித்தபோது தழும்பு நன்றாகக் காய்ந்திருந்தது. இன்று காலை அதன் கீழ் முனையில் ஈரம், மஞ்சளாக ஒரு கசிவு. தொட்டால் சூடு. காய்ச்சல் இல்லை. நாளுக்கு நாள் குறைந்துவந்த வலி நேற்றிரவிலிருந்து மறுபடி ஏறுகிறது. "அதிகமா நடந்துட்டேன், அதான்" என்கிறாள் அம்மா. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சித்தி போனில், தன் வீட்டில் ஆன்டிபயாடிக் மாத்திரை மிச்சம் இருக்கிறது, உடனே ஆரம்பித்துவிடு என்றார். அறுவை செய்த டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் சொன்ன முதல் வார்த்தையே, "மாத்திரை எதுவும் கொடுக்காதீங்க. காலையில கூட்டிட்டு வாங்க."

பிப்ரவரி 21

உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதமான சிஆர்பி 140. அறுவைக்குப் பிறகு யாருக்குமே இது ஏறும்; இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும். அம்மாவுக்கும் இறங்கியிருந்தது. இறங்கியது திரும்ப ஏறியிருப்பதுதான் கவலை.

புண்ணின் மேல் பஞ்சால் துடைத்து எடுத்து அனுப்பக் கூடாதா என்று கேட்டேன். தோலில் சாதாரணமாக இருக்கும் கிருமி அதில் வளர்ந்து நம்மைத் திசைதிருப்பிவிடுமாம். ஊசி போட்டு மூட்டுக்குள்ளிருந்தே நீர் எடுத்தார்கள். ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளணு 41,000. அறுவை முடிந்த முதல் ஆறு வாரத்துக்குள் 10,000 தாண்டினாலே தொற்று என்று பலமாகச் சந்தேகப்படுவார்களாம்.

மாத்திரை வேண்டாம் என்றதன் காரணமும் புரிந்தது. இரண்டு நாள் ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தால் கல்ச்சரில், அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில், ஒன்றுமே வளராமல் போயிருக்கலாம். கிருமி செத்திருக்காது, அடையாளம் மட்டும் தெரியாமல் போயிருக்கும். அப்புறம் மாதக்கணக்கில் யாரென்று தெரியாத ஒன்றோடு குத்துமதிப்பாகப் போராட வேண்டும். வீட்டில் மூட்டு மாற்றியவர்கள் இருந்தால் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள்: புண் கசிந்தால், மாத்திரைக்கு முன்னால் அறுவை செய்தவரிடம் போங்கள்.

பிப்ரவரி 22

ஊசி மருந்து மட்டும் போதாதா என்று அம்மா கேட்டாள். டாக்டர் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். உலோகத்துக்கு ரத்த ஓட்டம் கிடையாது. அதன் மேல் ஒட்டிக்கொள்ளும் பாக்டீரியா, தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் படியும் பாசி மாதிரி, வழவழப்பான ஒரு படலத்தை உண்டாக்கி அதற்குள் குடியிருக்கும். பயோஃபிலிம் என்கிறார்கள். உள்ளே இருக்கும் பாக்டீரியா மெதுவாக, பாதி உறக்கத்தில் இருப்பதால் வழக்கமான மருந்து அதைக் கொல்வதில்லை. உடலின் வெள்ளணுக்களாலும் நெருங்க முடிவதில்லை. படலம் நாளாக ஆக முற்றும். ஆரம்ப வாரங்களிலேயே திறந்து சுரண்டிக் கழுவினால் மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. விட்டுவிட்டால் மூட்டையே கழற்றி, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்டை அங்கே வைத்து, தொற்று அடங்கிய பிறகு வேறு மூட்டு பொருத்த வேண்டிவரும்.

அம்மா கையெழுத்துப் போட்டாள்.

பிப்ரவரி 23

முடிந்தது. கெட்டுப்போன திசுவை வெட்டி எடுத்து, லிட்டர் கணக்கில் சலைன் விட்டுக் கழுவி, உலோகப் பாகங்களுக்கு நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டை மாற்றியிருக்கிறார்கள். அதைக் கழற்றினால்தான் பின்பக்கம் வரை சுத்தம் செய்ய முடியுமாம். ஐந்து இடங்களிலிருந்து தனித்தனிக் கருவியால் திசு எடுத்து அனுப்பினார்கள்; ஒரே கிருமி ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரியில் வந்தால்தான் நம்பலாம். மாதிரி எடுத்த பிறகே மருந்து ஆரம்பம். வான்கோமைசின் என்ற அந்த ஆன்டிபயாடிக்கை வேகமாக ஏற்றினால் உடம்பு சிவந்து அரிக்கும் என்பதால் டிரிப் மெதுவாகத்தான் ஓடுகிறது.

பிப்ரவரி 26

பெயர் வந்துவிட்டது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், மெதிசிலின் என்ற பெனிசிலின் வகை மருந்துக்குக் கட்டுப்படும் வகை. ஐந்தில் நான்கு மாதிரியில் அதேதான். உடனே வான்கோமைசினை நிறுத்திவிட்டு செஃபசோலின். இந்த வகைக்கு அதுதான் வேகமாக வேலை செய்யும், சிறுநீரகத்துக்கும் சுமை குறைவு. இன்றுதான் தூங்கப் போகிறேன்.

மார்ச் 4

புண் முழுக்கக் காய்ந்தது. ரிஃபாம்பிசின் சேர்த்தார்கள். ஸ்டாஃபிலோகாக்கஸின் படலத்துக்குள் புகுந்து கொல்லக்கூடிய மருந்து. தனியாகக் கொடுத்தால் கிருமி சீக்கிரம் எதிர்ப்புப் பெற்றுவிடும், அதனால் எப்போதும் துணை மருந்தோடுதான். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்று முன்பே சொல்லிவிட்டதால் அம்மா பயப்படவில்லை.

மார்ச் 16

வீட்டுக்கு வந்தாயிற்று. இனி ரிஃபாம்பிசினும் லெவோஃப்ளாக்சசினும், வாய்வழியாக. ஊசியை இவ்வளவு சீக்கிரம் நிறுத்தலாமா என்று தம்பிக்குக் கவலை. எலும்பு, மூட்டுத் தொற்றுகளில் பொருத்தமான மாத்திரை ஊசிக்குக் குறைந்ததில்லை என்று பிரிட்டனில் ஆயிரம் பேருக்கு மேல் வைத்து நடத்திய ஓவிவா ஆய்வு 2019இல் காட்டியிருக்கிறது. மாத்திரையைத் தவறவிடக் கூடாது, அவ்வளவுதான். பாலும் கால்சியம் மாத்திரையும் லெவோஃப்ளாக்சசினோடு சேர்த்துக் கூடாது. குதிகால் தசைநாண் வலித்தால் உடனே சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 8

சிஆர்பி 9. முழங்கால் 95 டிகிரி மடங்குகிறது. ரத்த அழுத்தம் மட்டும் ஏறியிருந்தது. ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டி மற்ற மருந்துகளைச் சீக்கிரம் கரைத்துவிடும், அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபினையும் கூட. டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றினார். மற்ற நோய்களுக்குச் சாப்பிடும் எல்லா மருந்தையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுவது எவ்வளவு நல்லது.

மே 18

12 வாரம் முடிந்தது. ஆறு வாரத்தோடு நிறுத்தினால் தொற்று திரும்பி வருவது அதிகம் என்று 2021இல் வந்த பிரெஞ்சு ஆய்வு சொல்கிறதாம். அதனால்தான் இவ்வளவு நாள். நிறுத்திய பிறகுதான் மிச்சம் இருந்தால் தலைகாட்டும், ஆகவே ரத்தப் பரிசோதனை தொடரும்.

ஃபைலின் முதல் பக்கத்தில் கிருமியின் பெயரையும் அது கட்டுப்படும் மருந்துகளையும் பெரிதாக எழுதி, தம்பிக்கும் சித்திக்கும் படம் எடுத்து அனுப்பினேன். இனி இந்தக் கால் வீங்கினால், யார் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தாலும், முதலில் மூட்டு நீரை எடுக்கச் சொல்ல வேண்டும்.