எலிக்குப் பலித்த மிர்-34ஏ

புராஸ்டேட் புற்றுநோய் சுரப்பிக்குள்ளேயே இருக்கும்வரை பெரும்பாலும் சமாளிச்சிடலாம். முதுகெலும்பு, இடுப்பெலும்புன்னு பரவினால்தான் வம்பு.

நம்ம செல்லில் பி53னு ஒரு காவல்கார மரபணு. அது மிர்-34ஏ என்கிற மைக்ரோ ஆர்என்ஏவை, அதாவது மத்த மரபணுக்களோட வேலையை அடக்குற குட்டி மூலக்கூறை, தூண்டிவிடும். நீளம் சுமார் 22 மரபு எழுத்துதான், ஆனா புற்றுச்செல் நகர்ந்து பரவ உதவுற சிடி44 புரதம் உருவாவதையே தடுத்துடும். முற்றிய புற்றில் பி53 பழுதாகிறது சகஜம். அப்போ மிர்-34ஏவும் குறைஞ்சுபோகும்.

2011இல் வெளியான ஆய்வில், எலிகளுக்கு மிர்-34ஏவை ஊசியில் ஏற்றினதும் பரவல் குறைஞ்சுது. உடனே துள்ளாதீங்க! கல்லீரல் உள்ளிட்ட புற்றுகளுக்கு மிர்-34ஏவைக் கொழுப்பு உறையில் பொதிஞ்சு செஞ்ச எம்ஆர்எக்ஸ்34 மருந்தை வச்சு மனிதர்களிடம் நடந்த சோதனை, கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவால 2016இல் நின்னுபோச்சு.

மூலக்கூறுமேல எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கு. அதைச் சுமந்துபோன கொழுப்பு உறைமேலதான் சந்தேகம்.