கால் இஞ்ச் என்பது எத்தனை மில்லிமீட்டர்?

டைவிங் சிலிண்டருக்குக் காற்று ஏற்றுற கம்ப்ரசர்ல டிரெயின் வால்வோட பிட்டிங் போயிடுச்சு. பழையதைக் கையோட எடுத்துக்கிட்டு கடைக்குப் போனேன். "கால் இஞ்ச்தானே சார்?"னு ஒண்ணை எடுத்து நீட்டினார். மூணு சுற்று வழுக்கிக்கிட்டு ஏறுச்சு, நாலாவதுல இறுகி நின்னுடுச்சு. நல்ல வேளை, ஸ்பானர் போட்டு முறுக்கலை.

வெர்னியர் வெச்சுப் பார்த்தேன். பழையதோட வெளிவிட்டம் 13.1 மி.மீ. கால் இஞ்ச்னா 6.35 இல்லையானு கேக்காதீங்க. அது அந்தக் காலத்துக் குழாயோட உள்துளைக் கணக்கு, மரையில தேடினா கிடைக்காது. மரையோட இடைவெளியை அளக்குற பிட்ச் கேஜை வெச்சா இஞ்சுக்கு 19 மரை, கச்சிதமா உட்கார்ந்துச்சு. அப்போ இது பி.எஸ்.பி., அதாவது பிரிட்டிஷ் குழாய் மரை, அதுலயும் கூம்பாத நேர் மரை. கடைக்காரர் கொடுத்தது என்.பி.டி., அமெரிக்கக் குழாய் மரை: இஞ்சுக்கு 18, மரையோட கோணம் 55க்குப் பதிலா 60 டிகிரி, முனை வேற கூம்பிப் போகும். ஒரே ஒரு மரை வித்தியாசம்தான், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அரை இஞ்ச் சைஸ்ல இன்னும் மோசம், ரெண்டுக்குமே 14.

"டெஃப்ளான் டேப்பை நாலு சுத்து கூட சுத்துங்க, நிக்கும்"னு பக்கத்துல ஒருத்தர் யோசனை சொன்னார். மொட்டைமாடி தண்ணித் தொட்டின்னா சரி அண்ணே, இது 200 பார் அழுத்தம்! நேர் மரையில காத்தை அடைக்கிறது டேப் இல்லை, அடியில இருக்குற வாஷர்.

சரியான பிட்டிங் நாளைக்கு வருது. பழையதுல மார்க்கரால "ஜி கால், 19"னு எழுதி (ஜி-ன்னா பி.எஸ்.பி. நேர் மரை) டூல் பாக்ஸ்ல போட்டாச்சு.