412ஆம் வரி

ஸ்பானிய மொழிப் படங்களை அவுஸ்திரேலியாவில் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டும் ஒரு திரைப்பட விழாவில் மூன்று பருவங்கள் தொழில்நுட்ப உதவியாளனாக வேலை பார்த்தேன். சிட்னி, மெல்பேண், கன்பரா, பிரிஸ்பேன், அடிலெயிட், கடைசியாகப் பேர்த். படங்கள் வன்தட்டுகளாக, பஞ்சு வைத்த கறுப்புப் பெட்டிகளில் வரும். திரையரங்கின் சேர்வரில் படத்தை ஏற்றுவது, சாவி வேலை செய்கிறதா என்று பார்ப்பது, சப்டைட்டில் வரிகளைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஓட்டிச் சரிபார்ப்பது, இவைதான் என் பொறுப்பு.

சாவி என்பது ஒரு சிறிய கோப்பு. படம் பூட்டப்பட்டே வரும். குறிப்பிட்ட சேர்வரில், குறிப்பிட்ட நாட்களில், குறிப்பிட்ட மணிக்குள் மட்டும் அந்தச் சாவி திறக்கும். முதல் பருவத்தில் பேர்த் நகரில் இதை நெஞ்சு பதறக் கற்றுக்கொண்டேன். சாவி இரவு பத்து மணி வரை செல்லும் என்று தாளில் இருந்தது. அது கிழக்குக் கரையின் பத்து மணி. குளிர்காலத்தில் பேர்த் இரண்டு மணி நேரம் பின்னால் நிற்கும். எட்டேகாலுக்குக் காட்சி, எட்டு மணிக்கே படம் பூட்டிக்கொண்டது. அரங்கு நிறைந்திருந்தது. சாவி கொடுக்க வேண்டியவர்கள் மட்ரிட்டில் இருந்தார்கள். அங்கே பகல் இரண்டேகால், ஊரே சாப்பாட்டுக்கு எழுந்துபோகும் வேளை. யாரோ ஒருவர் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து புதுச் சாவி அனுப்பினார். நாற்பது நிமிடத் தாமதம். எழுந்து போனவர்கள் மிகச் சிலர். அந்த முகம் தெரியாத மனிதரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

ஆனால் நான் எழுத வந்தது சப்டைட்டில் பற்றி.

'ஸ்பானியப் படம்' என்ற பெயருக்குள் எத்தனை மொழிகள் இருக்கின்றன என்பது இந்த வேலைக்கு வருமுன் எனக்குத் தெரியாது. 2022இல் பெர்லினில் தங்கக் கரடி விருது பெற்ற இயக்குநர் கார்லா சிமோனின் 'அல்கராஸ்', ஸ்பெயினின் வடகிழக்கில் பேசப்படும் கற்றலன் மொழிப் படம். பீச் பழத் தோட்டத்தை இழக்கப்போகும் ஒரு குடும்பத்தின் கதை அது. பொலிவியாவின் 'உதாமா'வில் மலைமேட்டு முதியவர்கள் தங்களுக்குள் பேசுவது அந்த மலைநாட்டுப் பழங்குடி மொழியான கெச்சுவா. 'இருபதாயிரம் தேனீ இனங்கள்' படத்தில் ஸ்பானிய மொழியும் ஸ்பெயினின் வடக்கில் பேசப்படும் பாஸ்க் மொழியும் மாறி மாறி வரும். ஆண், பெண் என்று சொல்லுக்குச் சொல் பிரிக்கும் ஸ்பானிய மொழிக்கு நடுவே, இலக்கணப்பால் இல்லாத பாஸ்க் மொழி கேட்கிறது. தன்னைப் பெண்ணாக உணரும் எட்டு வயதுப் பிள்ளையின் கதையில் இது சாதாரண விடயமா? இயக்குநர் சொரொகோயெனின் 'அஸ் பெஸ்தாஸ்' படத்தில் ஒரு பிரெஞ்சுத் தம்பதி ஸ்பெயினின் வடமேற்கில் உள்ள ஒரு கலீசியக் கிராமத்தில் குடியேறுகிறார்கள். வீட்டுக்குள் பிரெஞ்சு, பக்கத்து வீட்டுச் சகோதரர்களுக்குள் கலீசியம், இரு தரப்பும் மோதும் இடத்தில் ஸ்பானியம். கதையின் பகையே அந்த மொழி மாற்றத்தில் இருக்கிறது. கீழே ஓடும் ஆங்கில வரிகளில் மூன்றும் ஒரே வெள்ளை எழுத்துத்தான்.

"ஸ்பானியப் படம் என்றுதானே டிக்கெட் வாங்கினேன், இது வேறு மொழியாக இருக்கிறதே" என்று ஒருவர் வரவேற்பு மேசையில் கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. இலங்கையன் என்றதும் "அப்படியென்றால் சிங்களம் பேசுவாயா" என்று கேட்டவர்களுக்கு எத்தனையோ தடவை பொறுமையாகப் பதில் சொன்னவன் நான். அவருக்கும் அதே பொறுமையோடு சொன்னேன்.

மூன்றாவது பருவத்தில் மெக்சிக்கோவிலிருந்து ஒரு படம் வந்தது. பெயரைச் சொல்லப் போவதில்லை. மகனைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலையும் ஒரு தாயின் கதை. மெக்சிக்கோ அரசின் பதிவேட்டிலேயே இப்படித் தேடப்படுவோரின் எண்ணிக்கை 2022இல் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. சப்டைட்டிலின் 412ஆம் வரியில் தாய் ஒரு அதிகாரியிடம் மூன்றே சொல் கொண்ட ஒரு வாக்கியம் சொல்கிறாள். ஆங்கிலத்தில் அது 'அவன் தொலைந்துபோனான்' என்ற பொருளில் வந்திருந்தது. எனக்கு அப்போது ஸ்பானியம் அரைகுறை. ஆனாலும் வினைச்சொல் இடறியது. நிறுத்தித் திரும்பக் கேட்டேன். நாலைந்து தடவை கேட்டேன்.

அவள் சொன்னது: 'என் மகனைக் காணாமல் ஆக்கினார்கள்.'

'மறைந்துபோ' என்ற வினை ஸ்பானியத்திலும் பொதுவாகத் தானாக நடப்பதைத்தான் குறிக்கும். இலத்தீன் அமெரிக்காவின் தாய்மார் அதைப் பிறவினையாக்கினார்கள். ஆள் மறையவில்லை, யாரோ மறைத்தார்கள். 1979இல் ஆர்ஜென்டீனாவின் சர்வாதிகாரி விதேலா பத்திரிகையாளர்களிடம், அப்படிப்பட்டவர் உயிரோடும் இல்லை, இறந்தும் இல்லை, மறைந்துவிட்டவர் என்று சொன்னார். செய்தவனே இல்லாத வினை அது. அவர் அதைச் சொல்வதற்கு முன்பே, 1977 முதல், தலைநகர் புவனஸ் அயர்ஸின் மாயோ சதுக்கத்தில் வியாழக்கிழமைதோறும் வெள்ளை முக்காடு அணிந்த தாய்மார் நடந்தார்கள்.

தமிழனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் தேதி கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் எங்கள் தாய்மார் அமர்ந்தபோது 'காணாமல் போனோர்' என்ற சொல்லை ஏற்கவில்லை. 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றார்கள். அரசு அமைத்த அலுவலகத்தின் பெயரில் 'போன' என்ற சொல்தான் இருந்தது. அந்த ஒரு சொல்லுக்காக அவர்கள் பட்ட பாட்டை அறிந்தவன், இன்னொரு தாயின் வாயிலிருந்து அதே சொல்லைப் பிடுங்கும் வரியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதா? போட முடியவில்லை.

அவள் சொன்னபடியே ஆங்கில வரியை மாற்ற வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் நல்லவர், ஆனால் களைத்திருந்தார். ஆங்கில இலக்கணப்படி அந்த வினைக்குச் செயப்படுபொருள் வராது என்றார். ஸ்பானியத்திலும் வராதுதான், அதனால்தான் அவள் அப்படிச் சொல்கிறாள் என்றேன். இடம் போதாது என்றார். எழுத்துகளை எண்ணிக் காட்டினேன்: இடைவெளியும் சேர்த்துப் பழைய வரி 15, புதியது 20. திரையில் அது நிற்கும் நேரத்தில் தாராளமாக வாசிக்கலாம். உண்மையான தடை வேறு. சப்டைட்டிலை மாற்றினால் அதற்கென ஒரு சிறு இணைப்புப் பொதி செய்ய வேண்டும். பொதி மாறினால் பழைய சாவி பொருந்தாது, ஒவ்வொரு திரையரங்குக்கும் புதுச் சாவி எடுக்க வேண்டும். விற்பனை முகவரின் அனுமதியும் வேண்டும். ஒரு சொல்லுக்காக இத்தனையா என்று அவர் கேட்டது நியாயமே. இருந்தும் முகவருக்கு மின்னஞ்சல் அனுப்ப அனுமதித்தார்.

சிட்னியிலும் மெல்பேணிலும் கன்பராவிலும் பழைய வரியே ஓடியது. காட்சி தவறாமல் அந்த வரி வரும்போது அறைக்கு வெளியே போய் நின்றேன். பிரிஸ்பேனில் இருந்தபோது பதில் வந்தது. இயக்குநர் தரப்பே நன்றி சொல்லியிருந்தது.

அடிலெயிட்டில் முதல் தடவையாகப் புது வரி ஓடியபோது கடைசி வரிசையின் பின்னால் நின்று பார்த்தேன். என்னோடு வேலை பார்த்த சிலி நாட்டு அம்மாவும் பக்கத்தில் நின்றார். 1973ஆம் ஆண்டுச் சதிப்புரட்சிக்குப் பிறகு சிறுமியாகப் பெற்றோருடன் சிட்னிக்கு வந்தவர். அவருடைய தாய்மாமனை சந்தியாகோவில் வீட்டிலிருந்து கூட்டிப் போனார்கள், அவ்வளவுதான் அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். வரி வந்தது, இரண்டு விநாடிக்குள் போனது. அவர் ஒன்றும் பேசவில்லை.

காட்சி முடிந்து பெட்டியை மூடும்போது, "உங்கள் மொழியில் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். திரும்பச் சொல்லிப் பார்த்தார். 'ஆக்கப்பட்டோர்' அவருக்கு வாயில் ஏறவில்லை. பிரித்துப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. பிறகு இருவரும் பேர்த் முகவரியை ஒட்டி, பெட்டியைப் பின்வாசலுக்குத் தூக்கிப் போனோம்.