அத்திபெலே தாண்டினால் 300 ரூபாயா?

கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திபெலேயிலிருந்து ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான். அதற்கு ஆட்டோக்காரர் கேட்டது 300 ரூபாய். "வேற ஸ்டேட் மேடம், ரிட்டர்ன் சவாரி கிடைக்காது" என்று சுத்தமான தமிழில் சொன்னார். பேரம் பேசி 200-க்குப் போனேன். அதுவே பகல் கொள்ளை.

அதுவரை எனக்கு ஒரு பைசா செலவில்லை. பெங்களூரு சில்க் போர்டில் சாதாரண பஸ் ஏறி, பெங்களூரு முகவரி போட்ட ஆதாரைக் காட்டினேன். கர்நாடகப் பெண்களுக்கான சக்தி திட்டத்தில் இலவச டிக்கெட். நைட் ஷிஃப்ட் முடிந்து பொம்மசந்திராவில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா மட்டும் காசு எடுத்துக் கொடுத்தார். வீடு ஓசூர் பக்கம், ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி. ஓசூர் டவுன் பஸ்ஸில் அவருக்கு இலவசம், வேலைக்கு வந்து போகும் இந்தப் பக்கத்தில் இல்லை. தினமும் உழைக்க வருகிறவருக்கு டிக்கெட், ஊர் சுற்றக் கிளம்பிய எனக்கு இலவசம். என்ன நியாயம் இது?

அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. கம்பெனியில் கன்னடம். பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். "அப்ப நீங்க யாருக்கா?" என்று கேட்டேன். "ஓசூர்க்காரிதான், வேற யாரு?" என்றார்.

2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பஸ்கள் நின்றபோது, ஜூஜூவாடி எல்லையை ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நடந்தே கடந்தார்கள். இந்த அக்காவும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். "அங்க தமிழுங்கறாங்க, இங்க வந்தா கன்னடத்துக்காரிங்கறாங்க. ரெண்டு பக்கமும் நம்ம ஜனம்தானேம்மா?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. பெங்களூரில் எங்கள் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை மொழிச் சண்டையால் 18 வருடம் மூடியே கிடந்து 2009-ல்தான் திறந்தார்கள். அந்த வலி எனக்கும் தெரியும். 1956-ல் மொழியை வைத்து மாநிலங்களைப் பிரித்தார்கள், சரி. ஒரே வீட்டில் மூன்று மொழி புழங்கும் ஊரில் அந்தக் கோட்டை எங்கே போடுவது? தூரத்து நகரங்களில் உட்கார்ந்து வீராவேசம் பேசுகிறவர்கள் ஒரு நாள் இந்த பஸ்ஸில் வந்து பார்க்கட்டும்.

சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போனேன். நல்ல வெயில், தரிசனம் ஆனது, இறங்கிவிட்டேன்.

ஆனால் சாப்பாடு! பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன மெஸ். ஆவி பறக்கும் ராகிக் களி, மிளகு தூக்கலாக நாட்டுக்கோழிக் குழம்பு. கல்லாவில் இருந்த பெரியவர் சமையலறைக்குக் கன்னடத்தில் குரல் கொடுத்தார், பக்கத்து மேஜையில் தெலுங்கில் நலம் விசாரித்தார், என்னிடம் "இன்னொரு உருண்டை வைக்கட்டாம்மா?" என்றார். வைத்த உருண்டைக்குக் காசும் வாங்கவில்லை. மொத்தம் 150 ரூபாய். பெங்களூரில் இந்தக் காசுக்கு இந்த ருசி கிடைக்கவே கிடைக்காது.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: சில்க் போர்டிலேயே நேராக ஓசூர் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள், ஆட்டோ வேண்டாம். அப்புறம், இரண்டு அரசும் பேசி, எல்லை தாண்டி வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு பொது பாஸ் கொடுக்க வேண்டும். அந்த அக்கா மாதிரி எத்தனை பேர் தினமும் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்!