ராணியோடு எக்ஸ்ட்ரீமதுரா வரை

எங்கள் நாய் ராணியைக் கூட்டிக்கொண்டு மோட்டார்ஹோமில் ஸ்பெயினுக்கு, அதன் தென்மேற்கில் இருக்கும் எக்ஸ்ட்ரீமதுரா வரை போகிறோம் என்று சொன்னதும் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "பேப்பர் வேலை நிறைய இருக்குமே?"

இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வாழ்கிற எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் ஷெங்கன் விசாவுக்கு வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம், காப்பீடு, ஒவ்வொரு ராத்திரியும் எங்கே தங்குவோம் என்பதற்கு அத்தாட்சி என்று ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தோம். வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் எங்கே தங்குவோம் என்று எப்படிச் சொல்வது? கடைசியில் கேம்பிங் தளங்களில் முன்பதிவு செய்து அந்த ரசீதுகளை வைத்தோம். ராணியிடம் யாரும் வங்கிக் கணக்கு கேட்கவில்லை.

ராணி பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட். பிரிட்டனில் பந்தயம் ஓடும் நாய்களில் பெரும்பாலானவை அயர்லாந்தில் பிறந்தவை, இவளும் அப்படித்தான். இரண்டு காதுக்குள்ளும் பச்சை குத்திய எழுத்துகள் இருக்கும். கிரேஹவுண்ட் என்றால் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைப்பவர்கள் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, மற்ற நேரமெல்லாம் தூக்கம். மோட்டார்ஹோமுக்கு இதைவிடத் தோதான நாய் கிடைக்காது. ஒரே சிக்கல், கயிற்றை அவிழ்க்க முடியாது. முயலோ பூனையோ கண்ணில் பட்டால், பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதெல்லாம் அவள் காதில் ஏறாது.

காகித விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் வழங்கிய செல்லப்பிராணி பாஸ்போர்ட் ஐரோப்பிய ஒன்றியத்தில் செல்லாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக ஒரு விலங்கு நலச் சான்றிதழ் வாங்க வேண்டும். முதலில் மைக்ரோசிப், அதன்பின் வெறிநோய்த் தடுப்பூசி. முதல் ஊசி போட்டு 21 நாள் கழிந்திருக்க வேண்டும். சான்றிதழை அதற்கென்று அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவர்தான் தர முடியும். கையெழுத்தான 10 நாளுக்குள் எல்லை தாண்டிவிட வேண்டும். தாண்டியபின் சில மாதம் ஒன்றியத்துக்குள் சுற்றலாம், அதே தாளை வைத்துத் திரும்பியும் வரலாம். முதலில் நுழைகிற நாட்டின் மொழியும் அதில் இருக்க வேண்டும் என்பதால் எங்களுடையது பாதி பிரெஞ்சில். செலவு நூறு பவுண்டுக்கு மேல். மருத்துவமனைக்கு மருத்துவமனை பெரிய வித்தியாசம் இருக்கிறது, நாலு இடத்தில் போன் போட்டு விசாரிப்பது நல்லது.

சாப்பாட்டுக் கட்டுப்பாடுதான் எனக்கு உறைத்தது. பிரிட்டனிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. இறைச்சி சேர்ந்த நாய் உணவும் அதில் அடக்கம். ராணியின் மூட்டையோடு என் நெய் பாட்டிலும் வீட்டிலேயே நின்றுவிட்டது. அரிசி, பருப்பு, புளி, மிளகாய்ப்பொடிக்குத் தடையில்லை. கடல் தாண்டி பிரான்சின் கலேவுக்கு வந்ததும் முதல் வேலையாக சூப்பர்மார்க்கெட்டில் ராணிக்கு ஒரு மூட்டை, எங்களுக்கு ஒரு வாளித் தயிர். பிரான்சில் தயிர் அருமையாக இருக்கும். அன்று மாலை மூவரும் தயிர்சாதம் சாப்பிட்டோம், அவளுக்கு மட்டும் உப்பில்லாமல்.

போர்ட்ஸ்மவுத்திலிருந்து நேராக வட ஸ்பெயினுக்குக் கப்பல் இருக்கிறது, நாயோடு தங்கும் அறைகளும் உண்டு. ஆனால் ஒரு பகல், ஒரு ராத்திரி, சில சமயம் அதற்கும் மேலே கடல். ராணி கப்பல் தளத்தில் ஒன்றுக்குப் போவாளா என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அதனால் ஃபோக்ஸ்டனில், கடலடிச் சுரங்கம் வழியாகக் கலேவுக்குப் போகும் ரயிலேறினோம். வண்டியை அப்படியே ரயில்பெட்டிக்குள் ஓட்டிச் செல்ல வேண்டும். கேஸ் சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும். நாம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாம், நாயும் கூடவே. 50 கிலோமீட்டர் சுரங்கம், அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். 35 நிமிடத்தில் மறுகரை. ராணி எழுந்திருக்கக்கூட இல்லை.

பிரான்சை வேகமாகக் கடந்தோம். ரூவான், தூர், புவாத்தியே என்று ஊர்ப்பெயர்களைப் பலகையில் படித்துக்கொண்டே போனதுதான். சுங்கச்சாவடியில் உயரத்தைப் பார்க்கிறார்கள்: 2 மீட்டருக்கு மேல் 3 மீட்டருக்குள் இருந்தால், எடையும் 3.5 டன்னைத் தாண்டாவிட்டால் இரண்டாம் வகுப்புக் கட்டணம். கூரையில் ஏதாவது கட்டி 3 மீட்டரைத் தாண்டினால் அடுத்த வகுப்பு. சின்னச் சின்ன ஊர்களில்கூட மோட்டார்ஹோம்களுக்கென்று நிறுத்துமிடம் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் பிடிக்கலாம், கழிவுநீரைக் கொட்டலாம், டாய்லெட் பெட்டியைக் கழுவலாம். கடைசி வேலை என் கணவருடையது. இந்த ஒப்பந்தம் வண்டி வாங்கும்போதே போட்டது.

போர்தோவுக்குத் தெற்கே லாந்து பைன் காடு தொடங்குகிறது. ஒரு காலத்தில் ஆடு மேய்த்த சதுப்பு நிலம். 1857-இல் மூன்றாம் நெப்போலியன் காலத்துச் சட்டத்துக்குப் பிறகு பெரிய அளவில் பைன் நட்டு, இன்று சுமார் பத்து லட்சம் ஹெக்டேர் காடாக நிற்கிறது. மணல் தரை, ஆளரவம் இல்லை, நாயோடு நடக்க எவ்வளவு நல்ல இடம் என்றுதான் யாருக்கும் தோன்றும். கிளம்புவதற்கு முன் எங்கள் மருத்துவர் எச்சரித்தது இந்த மாதிரிக் காட்டைப் பற்றித்தான்.

பைன் ஊர்வலப் புழு. குளிர்காலம் முழுக்க மரத்தின் உச்சியில் வெள்ளை நூலில் கூடு கட்டி வாழும். தூரத்திலிருந்து பார்த்தால் கிளையில் பஞ்சுமிட்டாய் சிக்கியது போல இருக்கும். குளிர்காலக் கடைசியில் கூட்டமாக இறங்கி, ஒன்றின் வாலை ஒன்று தொட்டுக்கொண்டு, வரிசையாகத் தரையில் ஊர்ந்து, மண்ணுக்குள் புதைந்துகொள்ளும். அதன் நுண்ணிய முடிகளில் நஞ்சு. நாய் சும்மா இருக்குமா? மோந்து பார்க்கும், நக்கும். நாக்கு வீங்கி, திசு அழுகி, நாக்கின் ஒரு பகுதியே போய்விட்ட நாய்கள் உண்டு. பட்டுவிட்டால் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். தேய்த்தால் முடி உடைந்து நஞ்சு இன்னும் பரவும்.

நாங்கள் நிறுத்திய ஊரில் விளையாட்டுத் திடலோரப் பைன் மரங்களின் இடுப்பில் வளையம் கட்டி, அதில் ஒரு பை தொங்கவிட்டிருந்தார்கள். இறங்கும் புழுக்கள் அந்தப் பைக்குள் போய் விழும். நிமிர்ந்து பார்த்தால் கூடுகள். கீழே, வளையம் கட்டாத மரத்தடியில், ஒரு முழ நீளத்துக்கு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ராணியின் கயிற்றை ஒரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டு, வந்த வழியே வண்டிக்குத் திரும்பினோம். அந்தக் காட்டில் அதற்கு மேல் அவளை இறக்கவில்லை.

இதனால்தான் பேப்பர் வேலையைப் பற்றிக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. எல்லையில் பார்ப்பது சிப், ஊசி, தேதி. இந்தப் புழுவைப் பற்றி எந்தச் சான்றிதழிலும் ஒரு வரி இல்லை. மணல் ஈக்களைப் பற்றியும் இல்லை: ஸ்பெயினின் பல பகுதிகளில் வெயில் காலத்தில் அந்தி முதல் விடியல்வரை கடித்து லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி நோயைப் பரப்புகின்றன. நாங்கள் போனது பிப்ரவரி, ஈக்களின் காலம் இல்லை. இருந்தாலும் ஈயை விரட்டும் டெல்டாமெத்ரின் மருந்துப் பட்டையை முன்கூட்டியே கழுத்தில் மாட்டிவிட்டோம். வெயிலைப் பற்றியும் யாரும் கேட்க மாட்டார்கள். எக்ஸ்ட்ரீமதுராவில் கோடையில் 40 டிகிரி சாதாரணம். தகரப் பெட்டிக்குள் நாயை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிற ஊர் அல்ல அது. அதனால் நாங்கள் வரைபடத்துக்கு முன்னால் காலண்டரைத்தான் எடுத்தோம்.

எல்லை தாண்டி புர்கோஸ் போனபோது நேர்மாறான தொல்லை. கடல்மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கு மேல், ராத்திரி உறைபனி. கிரேஹவுண்டுக்கு உடம்பில் கொழுப்பும் இல்லை, முடியும் இல்லை. ஸ்வெட்டர், அதற்கு மேல் கம்பளி, அதற்கும் மேல் நடுராத்திரியில் எங்கள் படுக்கை. புர்கோஸ் பேராலயத்துக்குள் நாயை விட மாட்டார்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. முறை வைத்துப் பார்த்தால் எதையும் சேர்ந்து பேச முடியாது என்பது உண்மைதான். சலமாங்காவில் அதைக்கூடச் செய்யவில்லை. ஊரின் பெரிய சதுக்கமான பிளாசா மயோரில் வெயில் விழும் மேசையாகப் பார்த்து உட்கார்ந்து காபி குடித்தோம்.

ஸ்பெயினில் ராத்திரி தங்குவது பற்றி ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். பார்க்கிங் அனுமதி உள்ள இடத்தில் வண்டியை நிறுத்தி உள்ளே தூங்கலாம். ஆனால் சக்கரம் தவிர வேறு எதுவும் தரையைத் தொடக் கூடாது. நாற்காலி போட்டால், பந்தலை விரித்தால், தண்ணீர் வடித்தால் அது கேம்பிங் ஆகிவிடும், அபராதம் வரலாம்.

பிறகு ஏ-66 சாலையில் தெற்கே இறங்கி எக்ஸ்ட்ரீமதுரா. ஓக் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும் மேய்ச்சல் நிலம், அடியில் கறுப்புப் பன்றிகள் ஓக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருக்கும். காசெரெஸ் கோபுரங்களில் நாரைகள் அலகைத் தட்டித் தட்டி ஓசை எழுப்பிக்கொண்டிருந்தன. மோன்ஃப்ராகுவே தேசியப் பூங்காவில் தாஹோ ஆற்றின் பாறைமீது நின்றால் கழுகுகள் நம் கண்மட்டத்தில் பறக்கின்றன. ராணி வானத்தைப் பார்க்கவே இல்லை. புதரில் முயல் வாசனை.

துருஹியோ சதுக்கத்தில், பெருவைப் பிடித்த பிசாரோவின் சிலை குதிரைமேல் நிற்கும் இடத்தில், ஒரு பெரியவர் எங்களை நிறுத்தினார். அவர் கையிலும் ஒரு நாய்: ஒடிசலான, சாம்பல் நிறக் கால்கோ. அந்த ஊர் வேட்டைநாய். ராணியின் பின்னந்தொடையைத் தடவினார், காதை மடக்கிப் பச்சை குத்தியதைப் பார்த்தார். போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு பேசினோம். இது குறுகிய தூரத்துக்கு வேகம், எங்கள் வயலுக்கு ஆகாது, கனம் அதிகம், முயலை நெடுந்தூரம் விரட்ட கால்கோதான் சரி என்றார். இரண்டு விரலைத் தலைக்கு மேல் நீட்டி முயல் ஓடுவதை நடித்துக் காட்டினார்.

எனக்கு எங்கள் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டு ஊர். அவரிடம் சிப்பிப்பாறை நாய் இருந்தது. வெளியூர் நாயைப் பார்த்தால் தொடையைத் தடவிவிட்டு, "இது நம்ம காட்டுல நிக்காதுப்பா" என்பார்.

ஸ்பெயினில் முயல் வேட்டைக் காலம் முடிந்ததும் ஏராளமான கால்கோக்களைத் தெருவில் விட்டுவிடுகிறார்கள். 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விலங்கு நலச் சட்டமும் வேட்டைநாய்களுக்குப் பொருந்தாது. விவாதத்தின்போது அவற்றை விலக்கிவிட்டார்கள். நாங்கள் போனது வேட்டைக் காலம் முடிந்திருந்த நேரம். என் கணவர் கேட்டேவிட்டார்: "அடுத்த சீசனுக்கும் இதுதானா, ஐயா?" இவள் வீட்டோடு இருப்பாள் என்றார். மற்றவை? "கொடுத்துவிட்டேன்." யாருக்கு என்று சொல்லவில்லை. அவர் கை முழுநேரமும் அந்த நாயின் கழுத்தில்தான் இருந்தது. எனக்கு அவரைப் பிடித்துமிருந்தது, கோபமும் வந்தது.

திரும்பும்போது ஒரு கணக்கு. பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மிகாமலும் ஒரு மருத்துவர் நாடாப்புழு மாத்திரை கொடுத்து, தேதியும் நேரமும் எழுதி, கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிரான்சில் மருத்துவரைத் தேடுவது வீண் வேலை, அதனால் முன்பே நேரம் கேட்டு வைத்தோம். கலேயிலிருந்து கொஞ்ச தூரத்திலிருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் மாத்திரை போட்டார்கள். நேரத்தை எழுதியிருக்கிறாரா என்று அங்கேயே நின்று சரிபார்த்தேன்.

கலே செல்லப்பிராணி அலுவலகத்தில் ஸ்கேனரை நம் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். ராணியின் கழுத்தில் தேய்த்ததும் பீப் என்றது. எண் சரி, ஊசி சரி, மாத்திரை நேரம் சரி. சில நிமிட வேலை.

அடுத்து போர்ச்சுகல் என்கிறார் கணவர். அக்டோபரில் என்றால் சரி. ஜூலையில் என்றால் நானும் ராணியும் வரவில்லை, நீங்கள் தனியாகப் போய்க் கழிவுப்பெட்டியைக் கழுவிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.