கீமோவுக்கு அப்புறம் பேக்பேக்

கல்லணைல இருந்து திருவையாறு பக்கமா காவிரிக் கரையோரம் பை மாட்டிக்கிட்டு நடந்தோம், எல்லாருமே இருபது முப்பது வயசுல கேன்சர் பாத்துட்டு வந்தவங்க. பை தூக்குறதே ஒரு கதைங்க, கீமோ மருந்து ஏத்த நெஞ்சுல தோலுக்கடியில வெச்ச போர்ட்டோட தழும்பு மேலதான் ஸ்ட்ராப் வந்து கரெக்டா உக்காரும், நான் துண்டை மடிச்சு நடுவுல சொருகிக்கிட்டேன்.

வின்கிறிஸ்டின், பாக்ளிடாக்சல் மாதிரி மருந்து ஏத்துனா சிலருக்குப் பாதம் மரத்துப்போயிடும், கொப்புளம் வந்தாலும் தெரியாது, அதனால டீக்கடைல நிக்கும்போதெல்லாம் ஷூவைக் கழட்டி ஒருத்தர் கால ஒருத்தர் பாக்கணும்னு ரூல் போட்டிருந்தோம். கடைக்காரர் "என்ன தம்பி, முள்ளு குத்திருச்சா"ன்னார், ஆமாண்ணேன்னு சொல்லிட்டேன், டீ ஆறிடும்ல. டாக்ஸோரூபிசின் இதயத்தையும் பாதிக்கலாம்னு அது போட்டவங்க எக்கோங்கிற இதய ஸ்கேன் எடுத்துட்டுதான் கிளம்புனாங்க.

வழில ஒருத்தரும் "தைரியமா இரு"ன்னு சொல்லல, அப்பாடா! அடுத்து பூம்புகாராம். மார்கழில வெச்சா நான் ரெடி.