ஜப்பான் பள்ளிக்கூடமும் நம்ம கடற்கரைப் பிள்ளைகளும்

ஜப்பானில் வேலை பார்க்கும் நான் லீவுக்கு ஊருக்கு வந்ததில் இருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது சம்பளத்தையும் சாப்பாட்டையும்தான். குளச்சல் சித்தி மட்டும், "மக்களே, அங்க பள்ளிக்கூடம் எப்படி நடக்கும்? பிள்ளைய சொன்னா கேக்குமா?" என்று கேட்டாள். டீச்சராக இருந்து ரிட்டயர்ட் ஆனவள். அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

என் வேலைக்கு அங்கே ஏ.எல்.டி. என்று பெயர், அதாவது துணை மொழி ஆசிரியர். வகுப்பு ஜப்பானிய ஆசிரியருடையது, நான் கூட நின்று பிள்ளைகளை ஆங்கிலம் பேச வைக்க வேண்டும். அரசு வழியாக வெளிநாட்டுக்காரர்களை எடுக்கும் ஜெட் திட்டம் 1987ல் தொடங்கியது. அதில் வந்தால் வருடா வருடம் ஒப்பந்தம் போட்டு அதிகபட்சம் 5 வருடம் இருக்கலாம். நான் தனியார் நிறுவனம் ஒன்றின் வழியாகப் போனவன், அதனால் திங்கள் ஒரு பள்ளி, செவ்வாய் இன்னொன்று என்று சுற்றிக்கொண்டே இருப்பேன். 2020ல் இருந்து தொடக்கப் பள்ளியில் 5, 6ஆம் வகுப்புக்கு ஆங்கிலம் முறையான பாடம், வருடத்துக்கு 70 பீரியட். 3, 4ஆம் வகுப்புக்கு 35 பீரியட், அது பாட்டும் விளையாட்டுமாகப் போய்விடும்.

சாப்பாட்டுக்குக் கஷ்டமே இல்லை. மத்தியானம் வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் போட்ட பிள்ளைகளே வகுப்பில் விளம்புவார்கள், நானும் அவர்களோடு உட்கார்ந்து அதையே சாப்பிடுவேன். சோறு, சூப், பெரும்பாலும் அயலை மாதிரி ஏதாவது ஒரு மீன், 200 மில்லி பால். அதே சாப்பாட்டைத் தலைமை ஆசிரியர் முன்னதாகவே சாப்பிட்டுப் பார்த்திருப்பார். கெட்டுப் போயிருந்தால் அது முதலில் அவருக்குத்தான் தெரிய வேண்டும் என்று ஒரு விதி. எனக்கு ரொம்பப் பிடித்த விதி அது. சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் துடைப்பமும் துணியுமாக இறங்கிவிடுவார்கள். இதைப் பற்றி எல்லாரும் வீடியோ போட்டாயிற்று, விடுங்கள்.

சித்தி நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டது நிலநடுக்கப் பயிற்சியைத்தான்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது 3ஆம் வகுப்பில் நிறங்களைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததுதான் தாமதம், நாற்காலிகள் கிறீச்சிட்டன, அடுத்த நிமிடம் ஒரு தலையும் வெளியே தெரியவில்லை, எல்லாரும் மேஜைக்கு அடியில் அதன் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பாசிரியர் ஓடிப்போய்க் கதவைத் திறந்து வைத்தார், ஆட்டத்தில் நிலை கோணிக்கொண்டால் பிறகு கதவு திறக்காதாம். அசைவு நின்றது என்று அறிவிப்பு வந்ததும் பஞ்சு வைத்துத் தைத்த தலையுறையைப் போட்டுக்கொண்டு வரிசையாக மைதானத்துக்கு நடந்தார்கள். தள்ளக் கூடாது, ஓடக் கூடாது, பேசக் கூடாது, எதையாவது எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் மனப்பாடம். மற்ற நாளில் உள்ளே போடும் ஷூவோடு யாரும் வெளியே கால் வைக்க மாட்டார்கள், அன்று மட்டும் அதே காலோடு இறங்கலாம். திரும்பி வரும்போது வாசலில் ஈரத்துணி விரித்திருக்கும், ஒவ்வொருவரும் ஷூவின் அடியைத் துடைத்துவிட்டு உள்ளே போனார்கள், நான் நிறங்களை விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தேன். சில நேரம் இடைவேளையில், சொல்லாமல் கொள்ளாமல் இதை நடத்துவார்கள். வாத்தியார் பக்கத்தில் இல்லாவிட்டால் பிள்ளை என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமல்லவா.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை சுனாமி வந்தபோது குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் என்ன நடந்தது என்று நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மணக்குடிப் பாலத்தையே கடல் கொண்டுபோனது. சித்தி அந்தக் காலையைப் பற்றிப் பேச்செடுத்தால், "எந்தப் பக்கம் ஓடணும்னு ஒருத்தருக்கும் தெரியல்ல மக்களே" என்பதில்தான் வந்து நிற்பாள்.

ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்த 2011 மார்ச் 11 அன்று கமைஷி ஊரில் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் மேட்டைப் பார்த்து ஓட, அதைப் பார்த்துப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் கூடவே ஓடினார்கள், பெரிய பிள்ளைகள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு. முதலில் போன இடம் போதாது என்று பட்டதும் இன்னும் மேலே ஏறிப் பிழைத்தார்கள். அதே நாள் இஷினோமாகி நகரின் ஒகாவா தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் வரிசையாக மைதானத்துக்கு வந்தார்கள், ஆனால் அங்கிருந்து எங்கே போவது என்று முடிவாகாமல் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் நின்றார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. 74 பிள்ளைகளையும் 10 ஆசிரியர்களையும் சுனாமி கொண்டுபோய்விட்டது. முன்கூட்டியே சரியாகத் திட்டமிடாதது நிர்வாகத்தின் தவறு என்ற தீர்ப்பு 2019ல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. பெஞ்சுக்கு அடியில் ஒளியவும் வரிசையாக நிற்கவும் பழக்கினால் மட்டும் போதாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். ஓட வேண்டிய இடத்தையும் வழியையும் முதலிலேயே குறித்து, பிள்ளைகளை அதில் நடத்திக் கூட்டிப்போயிருக்க வேண்டும்.

நம்ம ஊரில் டிசம்பர் 26 அன்று கல்லறைக்குப் போகிறோம், மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், பூசை வைக்கிறோம். அன்று பள்ளி அரையாண்டு லீவில் இருக்கும். ஆனால் நவம்பர் 5ஐ உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக ஐ.நா. 2015ல் அறிவித்திருக்கிறது, அது பெரும்பாலும் பள்ளி நடக்கும் நேரம். மணி அடித்து, பிள்ளைகளை மேட்டு நிலம் வரை நடத்திக் கூட்டிப்போய், தலை எண்ணிவிட்டுத் திரும்பக் கொண்டுவர ஒரு பீரியட் போதும், பைசா செலவில்லை. திரும்பிப் போவதற்குள் சித்தி வேலை பார்த்த பள்ளியில் போய் இதைக் கேட்கப் போகிறேன். அவளும் கூட வருகிறேன் என்றிருக்கிறாள். கடற்கரை ஊர்களில் வேலை பார்க்கும் டீச்சர்மாரும் சார்மாரும் இந்த வருடமே உங்கள் பள்ளியில் பேசிப் பாருங்கள்.